அடைக்கலம் தந்த காடு: வன்னிப் பெருநிலத்தில் கிறிஸ்தவப் பிறரன்பின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் கடல்நீரேரிக்குத் தெற்கே தொடங்கி, காடும் குளமும் வயலுமாக வவுனியாவின் தென்னெல்லை வரை விரிந்து கிடக்கும் நிலப்பரப்பு வன்னிப் பெருநிலம் எனப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களோடு மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியும் மரபாக இதனுள் அடங்கும். இந்நிலத்தின் வரலாற்றை எழுதியோர், வன்னிமைகள் எனப்பட்ட குறுநில ஆட்சிகளையும், 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனையும், பெருங்குளங்களையும், அண்மைக் காலப் போரையும் முதன்மைப்படுத்தியே எழுதியுள்ளனர். அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய வேறொரு வரலாறும் இங்கு உண்டு. ஓடி வந்தவரை ஏற்றுக்கொள்வது, நோயாளியின் அருகில் இருப்பது, உரியவரில்லாத பிணத்தை அடக்குவது ஆகிய செயல்கள் எவ்வாறு ஒரு சிறுபான்மைச் சமயத்தவரின் பழக்கமாகி, காலப்போக்கில் அச்சமயத்தின் எல்லையையும் தாண்டிச் சென்றன என்பதே அந்த வரலாறு.

வேறு பல நாடுகளில் கிறிஸ்தவ அறப்பணியின் கதை, செல்வர் வறியவர்க்கு ஈந்த கதையாகவே தொடங்குகிறது. வன்னியில் அது அவ்வாறு தொடங்கவில்லை. இங்கே அடைக்கலம் கொடுத்தவர்கள் தாமே அடைக்கலம் தேடி வந்தவர்கள். கஞ்சி வார்த்தவர்கள் தாமும் பசித்திருந்தவர்கள். மிகுதியிலிருந்து ஈவதைவிட இல்லாமையைப் பகிர்வதே இங்கு பிறரன்பின் முதன்மை வடிவமாக இருந்து வந்துள்ளது என்பதும், தன் இனத்தார், தன் சமயத்தார் என்ற வட்டத்தைக் கடந்தபோதெல்லாம் அது வளர்ந்தும் கடக்கத் தவறியபோதெல்லாம் தேய்ந்தும் வந்துள்ளது என்பதும் இவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கும்போது புலனாகின்றன.

இரக்கத்தின் ஏழு செயல்கள்

கிறிஸ்தவ மறைக்கல்வி விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றையும் இறைவனை நோக்கிய நற்பண்புகளாக வகுத்து, அவற்றுள் அன்பைத் தலையாயதாக வைக்கிறது. அந்த அன்பு உள்ளத்தில் தோன்றி மறையும் இரக்க உணர்ச்சியாக நின்றுவிடாமல் செயலால் பயிலப்பட வேண்டும் என்பதற்காக, மத்திய காலத் திருச்சபை ஏழு செயல்களைப் பட்டியலிட்டுச் சிறுவர்க்கும் மனப்பாடமாகக் கற்பித்தது. பசித்தவருக்கு உணவளித்தல், தாகமுற்றவருக்குத் தண்ணீர் கொடுத்தல், உடையற்றவரை உடுத்துதல், வழிப்போக்கரை வீட்டில் ஏற்றல், நோயுற்றோரைப் பார்க்கச் செல்லுதல், சிறைப்பட்டோரைத் தேடிச் செல்லுதல், இறந்தோரை அடக்கம் செய்தல் என்பன அவை. இவற்றுள் முதல் ஆறும் மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசு கூறுமிடத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஏழாவது தோபித்து என்னும் நூலிலிருந்து வந்தது.

இச்செயல்களை முறைப்படி நிறைவேற்றுவதற்கென்றே 1498இல் லிஸ்பன் நகரில் மிசெரிக்கோர்தியா, அதாவது இரக்கத்தின் இல்லம், என்னும் பொதுநிலையினர் சபை நிறுவப்பட்டது. போர்த்துக்கேயர் சென்ற துறைமுகங்களிலெல்லாம் அதன் கிளைகள் தோன்றின. யாழ்ப்பாணப் பட்டினத்திலும் ஒன்று இருந்தது. ஆயினும் 1560இல் மன்னாரையும் 1619இல் யாழ்ப்பாண அரசையும் கைப்பற்றிய அதே ஆட்சி, சைவக் கோவில்களை இடித்தும் கட்டாய வரிகளை விதித்தும் மக்களைத் துன்புறுத்தியது என்பதால், அதன் அறநிலையங்கள் மக்கள் மனத்தில் வேர்கொள்ளவில்லை. ஆட்சியின் துணையோடு வந்த அறம் ஆட்சியோடு போயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின் போர்த்துக்கேயரின் நிறுவனங்கள் மறைந்தன; மறைந்து வாழத் துணிந்த மக்களிடம் மட்டுமே அந்தச் சமயம் எஞ்சியது.

தடைக்காலமும் மூப்பர் அமைப்பும்

ஒல்லாந்தரின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு இடமளிப்பவர்க்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்ற கட்டளையும் பிறப்பிக்கப்பட்டது. ஒரு வழிப்போக்கருக்குக் கதவைத் திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிற்று. இந்நிலையில் 1651இல் கோவாவில் பிறந்த யோசேவாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் உடையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தவுடனே கடும் வயிற்றுளைவு கண்டு கைவிடப்பட்டுக் கிடந்த அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காத்தவள் ஒரு பெண் என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஈழத்தின் அப்போஸ்தலர் எனப் பிற்காலத்தில் போற்றப்பட்ட அவர், இத்தீவில் ஈகையைக் கொடுப்பவராக அறியும் முன்னர் பெறுபவராகவே அறிந்தார்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்று, உளவாளி எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, அஞ்சிய மக்கள் நோயாளிகளை விட்டு அகன்றபோது, அவரும் அவருடைய மருமகனான யோசே கர்வாலியோ அடிகளும் கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவும் மருந்தும் கொடுத்து, இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கினர். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் தன் நாட்டில் அவருக்கு முழு உரிமை அளித்ததற்கு இத்தொண்டும் ஒரு காரணமாயிற்று.

வன்னியின் வரலாற்றுக்கு அதைவிட நீடித்த பயனைத் தந்தது அவர் ஏற்படுத்திய ஊர் அமைப்பாகும். ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே குரு வரக்கூடிய ஊர்களில், செபங்களைக் கற்பிக்கவும், சாவுத் தறுவாயில் இருப்போரின் அருகில் அமரவும், அடக்கச் சடங்கை நடத்தவும், ஊரில் வறியோர் யார் என்பதைக் குரு வரும்போது அறிவிக்கவும் பொதுநிலையினர் நியமிக்கப்பட்டனர். ஊர்த் தலைமையை ஏற்றவர் மூப்பர் என்றும், செபமும் பாடலும் சொல்லிக் கொடுத்தவர் அண்ணாவி என்றும் அழைக்கப்பட்டனர். குரு இல்லாத நூற்றாண்டில் பிறரன்பு குருவின் பணியாக அன்றி ஊராரின் கடமையாகப் பயிலப்பட்டது. கரையோர மீனவ ஊர்களிலும் காட்டோரக் கமக்கார ஊர்களிலும் மரணவீட்டுக்கு ஊரே திரண்டு சென்று செபம் சொல்லி, அடக்கச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்த அமைப்பு உறுதியான சட்டகத்தைக் கொடுத்தது.

1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இதே மரபில் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், இயேசுவின் பாடுகளை இரங்கல் தொனியில் விரித்துரைக்கும் நூலாகும். அது தவக்காலம் எனப்படும் உயிர்ப்பு விழாவுக்கு முந்திய நோன்பு நாள்களில், ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. ஒப்பாரிக்குப் பழகிய செவிகளுக்கு, குற்றமற்ற ஒருவர் அடிபட்டு, நிந்திக்கப்பட்டு, தாயின் கண்முன் கொல்லப்பட்ட செய்தியை ஆண்டுதோறும் கேட்பது, அயலாரின் வேதனையைத் தன் வேதனையாக உணரும் பயிற்சியாக அமைந்தது. பிற்காலத்தில் பிள்ளைகளை இழந்த வன்னித் தாய்மார் தம் துயரை வியாகுல மாதாவின் துயரோடு சேர்த்துச் சொல்லக் கேட்பதற்கு இந்த நெடிய பழக்கமே அடிப்படையாகும்.

மருதமடு: அகதிகளின் திருத்தலம்

வன்னிக் காட்டின் நடுவே அமைந்த மடுத் திருத்தலத்தின் தோற்றமே இடப்பெயர்வின் கதையாகும். ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சிய இருபதளவான கத்தோலிக்கக் குடும்பங்கள் மாந்தையிலிருந்த அன்னையின் சுருபத்தை, அதாவது திருவுருவத்தை, எடுத்துக்கொண்டு காடுகளில் அலைந்து 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவில் குடியேறின என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த வேறு கத்தோலிக்கரும் அங்கு அவர்களோடு சேர்ந்தனர் என்றும், எலேனா என்னும் பெண்மணி அங்கு முதல் ஆலயத்தைக் கட்டினார் என்றும் மரபு கூறுகிறது. கோட்டையும் துறைமுகமும் உள்ள இடத்தில் அல்லாமல், அதிகாரத்தின் கை எட்டாத காட்டில் இத்தலம் எழுந்தது. யானையும் பாம்பும் காய்ச்சலும் மலிந்த அக்காடு, ஓடி வந்தவர்களுக்கு ஆட்சியாளரைவிட அச்சம் குறைந்ததாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் ஆட்சியில் சமயத் தடை நீங்கியது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வடபகுதியின் மறைப்பணியைப் பொறுப்பேற்றனர். யாழ்ப்பாண ஆயர் கிறிஸ்தோபர் பொஞ்சீன் ஆண்டகை 1872இல் மடுவில் இன்றைய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2ஆம் திகதி அன்னையின் சுருபத்துக்கு முடிசூட்டப்பட்டது. 1914இல் தலைமன்னார் இரயில் பாதை திறக்கப்படும் வரை யாத்திரிகர் மாட்டுவண்டிகளிலும் கால்நடையாகவும் கூட்டங்கூட்டமாகக் காட்டைக் கடந்தே சென்றனர். தனியே செல்வது உயிருக்கு ஆபத்து என்பதால் வழியில் யாரும் யாரையும் விட்டுச் செல்ல இயலாது. நோயுற்றவர் வண்டியில் ஏற்றப்பட்டார், வலுவுள்ளவர் இறங்கி நடந்தார், சமைத்தது பகிரப்பட்டது. தலத்தை அடைந்தபின் கிளைகளாலும் ஓலைகளாலும் கொட்டில் அமைத்து, நவநாள் எனப்படும் ஒன்பது நாள் வழிபாட்டுக் காலம் முழுவதும் தமிழரும் சிங்களரும், கத்தோலிக்கரும் சைவரும் பௌத்தரும் ஒரே காட்டில், ஒரே நீர்நிலையை நம்பி வாழ்ந்தனர். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் காப்பெனக் கருதப்பட்ட மடு மண்ணை எல்லாச் சமயத்தவரும் முடிந்து கொண்டு சென்றனர்.

யாத்திரையின் இக்கூட்டு வாழ்வு பிறரன்பின் பாடசாலையாக அமைந்தது என்று கூறுவது மிகையாகாது. வீட்டிலும் ஊரிலும் சாதி வேற்றுமை பாராட்டியோர், அந்த வேற்றுமையை ஆலயத்துக்குள்ளும் கொண்டு வந்தோர் வடபகுதிக் கத்தோலிக்கரிடையே இருந்தனர் என்பது மறைக்க முடியாத உண்மை. ஆயினும் நீருக்கும் நெருப்புக்கும் அயல் கொட்டிலை நாடியே ஆகவேண்டிய காட்டில் அந்த வேற்றுமையைக் கட்டிக் காப்பது எளிதாக இருந்ததில்லை.

காய்ச்சல் நிலமும் கன்னியர் பணியும்

1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு, மக்கள் தொகை குறைந்து, குளங்கள் உடைந்து, காய்ச்சலால் ஊர்கள் அழிந்துகொண்டிருந்த நிலத்தைக் காட்டுகிறது. மலேரியாவோடு, பறங்கி என்று அழைக்கப்பட்ட புண்நோயும் மக்களை வாட்டியது. இத்தகைய நிலத்தில் நிலையாகத் தங்குவதே ஒரு தொண்டாயிற்று. 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் சபையினர் பெண்கல்வியையும் அநாதைப் பிள்ளைகளின் பராமரிப்பையும் மேற்கொண்டனர். வவுனியா இறம்பைக்குளத்தில் அவர்கள் வளர்த்த பாடசாலையும் மடமும் வன்னிப் பெண்பிள்ளைகள் பல தலைமுறையினருக்கு எழுத்தறிவையும் பாதுகாப்பையும் ஒருங்கே அளித்தன.

இப்பணி கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மெதடிஸ்த திருச்சபை முல்லைத்தீவு, வவுனியா, முருங்கன் ஆகிய இடங்களில் ஆலயங்களை அமைத்துப் பணியாற்றியது. அங்கிலிக்கன் திருச்சபையின் கருணா நிலையம் கிளிநொச்சியில் ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் வீடாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, குடியேற்றத் திட்டங்கள் தொடங்கி, மலேரியாவும் கட்டுப்படுத்தப்பட்டபின் கிளிநொச்சி காடு வயலாக மாறியது. 1977ஆம் ஆண்டு வன்முறையில் வீடிழந்த மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தபோது, வன்னி மீண்டும் ஓடி வந்தவர்களின் நிலமாயிற்று. தோட்டங்களில் பல தலைமுறை உழைத்தும் குடியுரிமையற்றோராக ஆக்கப்பட்ட அம்மக்களை வன்னியின் நிலவுடைமையாளர் சிலர் மலிவான கூலிகளாகவே கண்டனர். அவர்களை அயலாராகக் காணும்படி திருச்சபைப் பணியாளரும் காந்தியம் போன்ற அமைப்புகளும் வற்புறுத்த வேண்டியிருந்தது.

இதே காலத்தில் பிறரன்பைப் பற்றிய சிந்தனையும் விரிவடைந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், வறியவருக்கு ஈவதோடு அவரை வறியவராக்கும் அநீதியைக் களைவதும் கிறிஸ்தவரின் கடமை எனத் தெளிவுபடுத்தியது. 1968இல் இலங்கையில் செடெக் என்னும் சமூகப் பணி மையம் நிறுவப்பட்டது. அதன் வழியில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் மனித முன்னேற்ற நடுநிலையமான கியூடெக்கும், 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து வவுனியாவையும் உள்ளடக்கி உருவான மன்னார் மறைமாவட்டத்தில் வாழ்வுதயமும் கிணறு வெட்டுதல், வலை வாங்கக் கடன் கொடுத்தல், கூட்டுறவுக் குழுக்களை அமைத்தல் முதலிய பணிகளைச் செய்தன. பிச்சையிடும் கை, தோள் கொடுக்கும் கையாக மாற முயன்ற காலம் அது.

போரின் நடுவே

1983க்குப் பின் மூண்ட போர், இரக்கத்தின் ஏழு செயல்களையும் வன்னியில் அன்றாடத் தேவைகளாக்கியது. 1990இல் மடுத் தலத்தின் வளாகத்தில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் திறந்த நிவாரண மையம் அமைந்தது. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 30,000 பேர் அங்கு தங்கினர். 1995 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வெறுமையாகி, இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் அங்கிருந்து கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கும் வந்தபோது, பங்குகளின் ஆலயங்களும் மண்டபங்களும் பாடசாலைகளும் வீடுகளாயின. மருந்து, எரிபொருள், சவர்க்காரம் வரை தடைசெய்யப்பட்டிருந்த நிலத்தில், வந்தோரும் இருந்தோரும் ஒரே பற்றாக்குறையைப் பங்கிட்டனர். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுவில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். முந்நூறு ஆண்டுகளாக அடைக்கலம் தந்த தலத்தின் தரையில், அடைக்கலம் தேடியோரின் குருதி சிந்தியது.

இக்காலத்தின் ஒரு தோல்வியை இவ்வரலாறு மறைக்கலாகாது. 1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்களை, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் வாழ்ந்தோர் உட்பட, சில நாள்களுக்குள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை இழந்தனர். தாமே விரட்டப்பட்டவர்களின் வழிவந்த சமூகங்கள், கண்முன்னே அயலார் விரட்டப்பட்டதைத் தடுக்க முடியாமற் போயின. வீடிழந்து கற்பிட்டியிலும் புத்தளத்திலும் ஓலைக் குடிசையில் வாழ நேர்ந்தவர்களும் முந்திய நாள்வரை ஒரே சந்தையில் மீன் விற்றவர்களே. ஆயுதத்தின் முன் மக்கள் அஞ்சினர் என்பது காரணமாகலாம். ஆனால் பிறரன்பு தன் எல்லையை எங்கே கடக்கத் தவறியது என்று கேட்கும் எவரும் இந்த அக்டோபரைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியது. மாவட்டத்தில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர். ஏழு செயல்களில் இறுதியானதாகிய இறந்தோரை அடக்குதல் அந்நாள்களில் முதலாவதாயிற்று. குருக்களும் கன்னியரும் இளைஞரும் சமய வேறுபாடின்றி உடல்களை எடுத்து அடக்கினர். பெயர் தெரியாத உடல்களுக்கும் செபம் சொல்லப்பட்டது.

இடையில் நிலவிய போர்நிறுத்தம் குலைந்து போர் மீண்டும் மூண்டபின், பணியாளரே பலியாயினர். இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் மாவட்ட இணைப்பாளராக இருந்த பாக்கியரஞ்சித் அடிகளார், இடம்பெயர்ந்தோருக்கு உதவிப் பொருள் கொண்டு சென்றபோது 2007 செப்டம்பர் 26ஆம் திகதி கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். மனித உரிமைப் பணியில் முன்னின்ற கருணாரத்தினம் அடிகளார், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி வன்னிக்குள் அதே விதமாகக் கொல்லப்பட்டார். அதே மாதத் தொடக்கத்தில் மடு அன்னையின் சுருபம் தலத்திலிருந்து தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. மாந்தையிலிருந்து ஓடி வந்த சுருபம் ஏறத்தாழ 340 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அகதியாகி, ஆகஸ்டில் திரும்பியது.

2009இன் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய மணற்பரப்பில் இலட்சக்கணக்கானோர் நெருக்கப்பட்டனர். வெளியேற வாய்ப்பிருந்தும் குருக்களும் கன்னியரும் பலர் மக்களோடு தங்கினர். வலைஞர்மடம் தேவாலயம் காயப்பட்டோருக்கும், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய இளையோருக்கும் புகலிடமாயிற்று. அங்கிருந்து நூற்றுக்கணக்கான இளையோரைப் புலிகள் வலிந்து இழுத்துச் சென்றனர். ஏப்ரலில் அங்கு எறிகணைகளும் வீழ்ந்தன. கியூடெக் வன்னிப் பணிப்பாளராக இருந்த குருவானவர் தம் காலை இழந்தார். இரு தரப்பின் வன்முறைக்கும் நடுவே ஓர் ஆலயம் தன் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதே இதன் பொருள். மே 18ஆம் திகதி, பதுங்குகுழிகளில் உணவின்றிப் பல நாள் கழித்து மக்களோடு வெளியேறிய மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகளார் மாரடைப்பால் இறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் யோசப் அடிகளார், சரணடைந்தோருடன் வட்டுவாகலில் இராணுவத்திடம் சென்றபின் இன்றுவரை காணப்படவில்லை.

அந்நாள்களில் உயிர் காத்த உணவு கஞ்சி. ஒரு பிடி அரிசியைப் பெருமளவு தண்ணீரில் இட்டு, உப்புச் சேர்த்து, தேங்காய் கிடைத்தால் பாலும் விட்டுக் காய்ச்சிய அக்கஞ்சியைத் தன்னார்வலர் கொட்டில்களில் வார்த்தனர். வரிசையில் நின்றோர் எறிகணையில் இறந்ததும் உண்டு. வார்த்தவர் எச்சமயத்தவர், பெற்றவர் எச்சமயத்தவர் என்ற கேள்வி அங்கு எழவில்லை. இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில், போரின் இறுதி நாள்களைக் கண்ட கரையோர ஊரான முள்ளிவாய்க்காலை நினைந்து, முள்ளிவாய்க்கால் கஞ்சி என்ற பெயரில், கோவில் வாசலிலும் ஆலய வாசலிலும் தெருச் சந்தியிலும் அது காய்ச்சிப் பகிரப்படுகிறது. எந்தத் திருச்சபையும் விதிக்காத ஒரு சடங்காக, இல்லாமையில் பகிர்ந்ததன் நினைவாக, அது சமயங்களைக் கடந்து நிலைபெற்றுள்ளது.

எண்ணிக்கையும் துணைநிற்றலும்

போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக்பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். சிறைப்பட்டோரைத் தேடிச் செல்லுதல் என்னும் செயல், அம்முகாம்களின் வாயிலிலும் தடுப்பு மையங்களின் வாயிலிலும் காத்து நிற்றலாக உருக்கொண்டது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் பதிவுகளின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். போரின் முடிவில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். அக்கணக்கு பற்றி விவாதங்கள் எழுந்துள்ளன. ஆயினும் எந்த உயிரும் கணக்கில் விடுபடலாகாது என்ற அவரது பிடிவாதம், இறந்தோரை அடக்கும் பண்டைய கடமையின் தொடர்ச்சியாகும். உடல் கிடைக்காதபோது, அந்த மனிதர் இருந்தார் என்று பொதுவில் சாட்சி சொல்வதே அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னிலும் வவுனியாவிலும், அடுத்து முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களின் போராட்டக் கொட்டில்களில் குருக்களும் கன்னியரும் அவர்களோடு அமர்ந்தனர். கொடுப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் உடனிருத்தலே பிறரன்பாகும் என்பதை மூப்பர் காலத்து வன்னி அறிந்திருந்தது. இன்றும் அதையே அறிகிறது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், நீர்கொழும்பில் வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் முதலிய நாட்டு அகதிகள், பெரும்பாலும் முஸ்லிம்கள், அங்கிருந்து துரத்தப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது எதிர்ப்புக் குரலும் எழுந்தது, ஏற்கும் குரலும் எழுந்தது. தேவாலயத்தில் கொல்லப்பட்டோரின் குருதி காயுமுன், அக்கொலையோடு தொடர்பற்ற முஸ்லிம் அகதிகளை ஏற்பதா என்ற கேள்வி, 1990இன் தோல்விக்கு வன்னி விடையளிக்கக் கிடைத்த வாய்ப்பாக இருந்தது. அன்று ஏற்கும் குரல் எழுப்பியோர், மருதமடுவின் பழைய மரபுக்கு உண்மையாக நடந்தனர்.

மரபு இன்று கேட்பது

இன்றைய வன்னியின் தேவைகள் வேறு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், உறுப்பிழந்தோர், நுண்கடனின் வட்டியில் சிக்கிய தாய்மார், போதைப்பொருளுக்கு இரையாகும் இளையோர் ஆகியோரே இன்று ஏழு செயல்களின் வாயிலில் நிற்கின்றனர். வெளிநாட்டு நிதியில் இயங்கிய நிறுவனங்கள் பல போர் முடிந்த சில ஆண்டுகளில் வெளியேறிவிட்டன. எஞ்சியிருப்பவை பங்குகளில் அயல்வீடுகள் சில சேர்ந்து அமைத்த அன்பியங்கள் எனப்படும் சிறு குழுக்களும், வறியோரின் வீடு தேடிச் செல்லும் வின்சென்ட் டி போல் சபைகளும், மரணவீட்டுக்கு ஊரே திரளும் பழைய வழக்கமுமே. இவை சிறியவை, ஆயினும் அரசுகளும் நிறுவனங்களும் மாறி மாறி வந்து போன மூன்றரை நூற்றாண்டில் வன்னியில் அறாமல் நின்றவை இத்தகைய சிறியவையே.

பிறரன்பு ஒரு மனிதரிடத்திலும் ஒரு சமூகத்திடத்திலும் போதனையால் மட்டும் வளர்வதில்லை என்பதை இவ்வரலாறு உறுதிப்படுத்துகிறது. அது பயிற்சியால் வளர்கிறது; தானும் ஒருகாலத்தில் அயலாரின் கஞ்சியால் பிழைத்ததை மறவாதிருப்பதால் வளர்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னவர் அல்லாதவருக்கும் அதையே செய்யத் துணியும்போதுதான் அது முழுமை பெறுகிறது. மடுவுக்கு ஓடி வந்தவர்களின் பிள்ளைகள் அடுத்து ஓடி வருபவரின் பெயரையும் சமயத்தையும் கேளாமல் கதவைத் திறப்பார்களாயின், வன்னியின் கிறிஸ்தவம் தன் தோற்றத்துக்கு உண்மையாக இருக்கும். கேட்டுத் தயங்குமாயின், எத்தனை ஆலயங்கள் எழுந்தாலும் அது தன் வரலாற்றை இழந்துவிடும்.